அம்மாவின் தட்டில் வாட்டிய ரொட்டி

நியூசிலாந்தில் கேம்பர்வேன் வாடகைக்கு எடுக்க நினைப்பவர்கள் இணையத்தில் முதலில் பார்ப்பது வண்டியின் உட்புறப் படங்களைத்தான். மடக்கி விரிக்கும் படுக்கைகள், சின்ன ஃபிரிட்ஜ், கேஸ் அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, கூடவே ஒரு கெட்டில், ஒரு டோஸ்டர். படத்தில் அந்த டோஸ்டர் பளபளவென்று இருக்கும். வண்டியிலும் இருக்கும். ஆனால் அதில் ரொட்டி சூடாக வேண்டுமானால், ஹாலிடே பார்க் எனப்படும் கட்டண முகாமில் வண்டியை நிறுத்தி, அங்குள்ள மின்கம்பத்தில் வண்டியின் நீளமான வயரைச் செருகியிருக்க வேண்டும். அந்த வயர் இல்லையென்றாலும் வண்டிக்குள் விளக்கு எரியும், தண்ணீர்ப் பம்பு ஓடும், கைபேசிக்கு சார்ஜ் ஏறும். சுவரில் உள்ள 230 வோல்ட் பிளக்குகளில் மட்டும் உயிர் இருக்காது.

ஒரு துண்டு ரொட்டிக்கா இத்தனை பேச்சு என்று தோன்றலாம். ஆனால் தென்தீவின் அருமையான முகாம்கள் பலவற்றில் மின்சாரம் கிடையாது. மலையடிவாரம், ஏரிக்கரை, ஆற்றோரம் என்று அந்நாட்டு இயற்கைப் பாதுகாப்புத் துறை பராமரிக்கும் இடங்களில் கழிவறை இருக்கும், மின்கம்பம் இருக்காது. பிள்ளைகளையும் முதியவர்களையும் அழைத்துப் போகும் குடும்பங்கள், "காலையில் சூடாக ஏதாவது வேண்டுமே" என்ற கவலையிலேயே ஒவ்வோர் இரவும் ஊருக்குள் இருக்கும் மின் இணைப்புத் தளத்துக்குத் திரும்பிவிடுகின்றன. பக்கத்து வண்டியின் ஜன்னலைப் பார்த்தபடி பசியாற, கோலாலம்பூரிலிருந்து எட்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து போக வேண்டுமா?

எங்கள் வீட்டில் இந்தக் கேள்விக்கு விடை சொன்னவர் அப்பா. அவருக்கு வயது 73. செந்தூல் ரயில்வே பட்டறையில் வெல்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டில் எது உடைந்தாலும் "கொடு, பார்க்கிறேன்" என்று வாங்கிக்கொள்வார். நாங்களும் "விடுங்கப்பா, புதுசு வாங்கிக்கலாம்" என்று சொல்லிச் சொல்லி, கொஞ்ச காலமாக அவர் கேட்பதையே நிறுத்தியிருந்தார். மே மாத இறுதிப் பள்ளி விடுமுறைக்கு ஆறு பேர் படுக்கும் வேனைப் பதிவு செய்துவிட்டு, அதன் படங்களை அவரிடம் காட்டினேன். படுக்கையைப் பற்றியோ ஏரியைப் பற்றியோ அவர் கேட்கவில்லை.

"இந்த டோஸ்டர் எத்தனை வாட்டு?"

"தொள்ளாயிரம் இருக்கும்பா."

"வண்டி பேட்டரி 12 வோல்ட்டு. அப்படின்னா 75 ஆம்பியர் இழுக்கும். தம்பி, அதுல இரண்டரை மில்லிமீட்டர் கம்பி வைச்சு வெல்டிங்கே பண்ணலாமே!"

கணக்கு சரிதான். 900 வாட்டை 12 வோல்ட்டால் வகுத்தால் 75. மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் இன்வெர்ட்டரில் ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் இன்னும் கூடும். அதைத் தாங்கும் தடித்த வயரும் பெரிய இன்வெர்ட்டரும் சாதாரண வாடகை வேன்களில் இருப்பதில்லை. ஆகவே மின்கம்பம் இல்லாத இடத்தில் ரொட்டி வாட்ட வேண்டுமென்றால் கேஸ் அடுப்பில்தான் வாட்ட வேண்டும். அப்பா அன்று மாலையே வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தன் மரப்பெட்டியைத் திறந்தார்.

தீ வாட்டுவதில்லை, தகடுதான் வாட்டுகிறது

கேஸ் அடுப்பின் நீலத் தீயில் ரொட்டியை நேராகக் காட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நடுவில் கருகும், ஓரம் வெளுத்திருக்கும், கடித்தால் உள்ளே ஈரமாக இருக்கும். இதற்குக் காரணம் உண்டு. கடையில் வாங்கும் ரொட்டியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் தண்ணீர்தான். மேற்பரப்பில் உள்ள அந்த நீர் ஆவியாகிப் போன பிறகே அங்கே சூடு 140, 150 டிகிரி செல்சியசுக்கு ஏறும். அப்போதுதான் ரொட்டியின் புரதமும் சர்க்கரையும் சேர்ந்து பொன்னிறமாகி, நாம் விரும்பும் வாசனை வரும். கேஸ் எரியும்போதோ தீயிலிருந்தே நீராவி கிளம்புகிறது. ஒரு கிலோ புரோப்பேன் எரிந்தால் ஏறக்குறைய 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வெளிவரும். காய வேண்டிய ரொட்டியை ஈரக் காற்றில் பிடித்தால் எப்படிக் காயும்?

பழைய கோப்பிக்கடைகளில் கரி அடுப்பில் வாட்டித் தரும் ரொட்டி ஏன் அவ்வளவு மொறுமொறுப்பாக இருக்கிறது என்பதற்கும் விடை இதிலேயே இருக்கிறது. கனன்று சிவந்த கரியில் தீநாக்கு இல்லை, நீராவியும் அதிகம் இல்லை. வருவது கதிர்வீச்சாகப் பாயும் காய்ந்த வெப்பம். மின்சார டோஸ்டரின் சிவந்த கம்பியும் அதே வேலையைத்தான் செய்கிறது. கேஸ் அடுப்பில் அந்தக் காய்ந்த வெப்பத்தைப் பெற ஒரே வழி, தீக்கும் ரொட்டிக்கும் நடுவில் ஓர் உலோகத் தகட்டை வைப்பதுதான். தீ தகட்டைச் சூடாக்கும். சூடேறிய தகடு ரொட்டியை வாட்டும்.

"அப்படியானால் தோசைக்கல்லிலோ வாணலியிலோ போட்டால் போதுமே" என்பார்கள். போடலாம். வெண்ணெய் தடவிப் போட்டால் ருசியாகவே இருக்கும். என்னைக் கேட்டால் அது வாட்டிய ரொட்டி அல்ல, பொரித்த ரொட்டி. கல்லோடு ஒட்டிக் கிடக்கும் பக்கத்தில் ஆவி வெளியேற வழியில்லாமல் ரொட்டி துவண்டுவிடும். தகட்டுக்கும் ரொட்டிக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி வேண்டும். அந்த இடைவெளிக்காகத்தான் அப்பா மூன்று நாள் உட்கார்ந்து வேலை செய்தார்.

தகடாக எதை எடுப்பது என்பதில்தான் அவர் அதிகம் யோசித்தார். மகள் பிஸ்கட் டின் மூடியைக் கொண்டு வந்து கொடுத்தாள். அதன் மேல் பெயிண்ட் இருக்கிறது, சூடேறினால் புகையும் என்று திருப்பிக் கொடுத்தார். ஹார்டுவேர் கடையில் மலிவாகக் கிடைக்கும் கோழிக்கூட்டு வலையை நான் சொன்னவுடன் கையை உயர்த்தித் தடுத்தார். அது துத்தநாகம் பூசிய கம்பி. துத்தநாகம் 419 டிகிரியில் உருகும். அடுப்புத் தீ அதைவிடப் பல மடங்கு சூடு. அந்தப் பூச்சு எரிந்து எழும் புகையைச் சுவாசித்தால் காய்ச்சலும் நடுக்கமும் வரும். பட்டறையில் சரியான காற்றோட்டம் இல்லாமல் அத்தகைய இரும்பை வெல்டிங் செய்துவிட்டு, இரவெல்லாம் போர்வைக்குள் நடுங்கியவர்களைத் தான் பார்த்திருப்பதாகச் சொன்னார். வீட்டில் இதைச் செய்து பார்க்க விரும்பும் வாசகர்கள் மற்றதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். பெயிண்ட் பூசியது, துத்தநாகம் பூசியது, ஒட்டாத பாத்திரங்களுக்குரிய கருப்புப் பூச்சு உள்ளது, இந்த மூன்றும் வெறுந்தீயின் மேல் கூடாது. பூச்சே இல்லாத எவர்சில்வர்தான் பத்திரம்.

எவர்சில்வருக்கு நம் வீடுகளில் என்ன பஞ்சம்? மறுநாள் பார்த்தபோது அப்பாவின் கையில் ஒரு தட்டையான சாப்பாட்டுத் தட்டு இருந்தது. அதில் ஆணியால் புள்ளி குத்தி, வரிசை வரிசையாகத் துளை போட்டுக்கொண்டிருந்தார். எவர்சில்வரில் துளை போடுவது லேசான காரியமல்ல. டிரில்லை வேகமாக ஓட்டினால் அந்த இடம் இறுகிப்போய், அதன் பிறகு துளைக்கவே வராது. மெதுவாக ஓட்ட வேண்டும், நன்றாக அழுத்த வேண்டும், துளைக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும். அவர் விட்டது சமையலறைத் தேங்காய் எண்ணெய். துளை ஒவ்வொன்றும் 3 மில்லிமீட்டர். பிசிறுகளை அரத்தால் ராவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். தட்டின் மேல் நிற்கும் தாங்கிக்கு, பெட்டியின் அடியில் பல வருடமாகக் கிடந்த எவர்சில்வர் வெல்டிங் கம்பிகளை எடுத்தார். டிக் வெல்டிங்குக்குப் பயன்படும், மேலே மருந்துப் பூச்சு இல்லாத வெறும் கம்பி, 2.4 மில்லிமீட்டர் தடிமன். அதை வளைத்து, தகட்டிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் உயரத்தில் இரண்டு துண்டு ரொட்டி படுக்கிற அளவுக்கு ஒரு சட்டம் செய்தார். கழற்றி மாட்டும் கைப்பிடிக்கு உடைந்த துடைப்பக்கட்டையில் ஒரு சாண் வெட்டிக்கொண்டார். எல்லாம் சேர்த்தும் கைப்பைக்குள் அடங்கிவிட்டது. செலவு என்று பார்த்தால் உப்புத்தாள் மட்டும்தான்.

ஏரியைத் தாண்டி மலையடிக்கு

நியூசிலாந்துக்குள் நுழையும்போது உணவு, மரப்பொருள், பயன்படுத்திய முகாம் சாமான் எதுவானாலும் அறிவித்துவிட வேண்டும். மறைத்துக் கண்டுபிடிக்கப்பட்டால் அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து வெள்ளி அபராதம். தேன் அறவே கூடாது. முட்டை சேர்ந்த காயாவை நாங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டோம். இட்லிப் பொடியையும் துடைப்பக்கட்டைக் கைப்பிடியையும் அறிவித்தோம். அதிகாரி பொடியை விட்டுவிட்டு, துளை போட்ட தட்டைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்பா முன்னால் வந்து, பட்டறை ஆங்கிலத்தில் "ஃபார் டோஸ்ட், சார்" என்றார். கைப்பிடியில் மரப்பட்டையோ பூச்சித்துளையோ இல்லை என்று பார்த்துவிட்டு அந்த மனிதர் சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

கிரைஸ்ட்சர்ச்சிலிருந்து தெக்காப்போ ஏரிக்கு ஏறக்குறைய 230 கிலோமீட்டர். நம்மைப் போலவே இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள் என்பதால் சிரமமில்லை. ஆட்டு மந்தைகள் மேயும் சமவெளி முடிந்து, பர்க்ஸ் கணவாயைத் தாண்டியதும் மரங்களே குறைந்து, வெளுத்த புல் மூடிய மெக்கன்சி மேட்டுநிலம் விரிகிறது. ஏரிக்கரையில் 1935ல் கட்டிய சின்னக் கல் தேவாலயத்தை எல்லோரும் படம் எடுப்பார்கள், நாங்களும் எடுத்தோம். இந்த வட்டாரம் 2012ல் அனைத்துலக இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. இரவில் பார்த்தால் ஏன் என்று புரியும். எங்கள் பிள்ளைகள் வாழ்க்கையில் முதன்முறையாகப் பால்வீதியைப் பார்த்தது அங்கேதான். அன்றிரவு மின் இணைப்புத் தளத்தில் தங்கினோம். காலையில் வண்டியின் டோஸ்டர் ஒழுங்காக வேலை செய்தது. அப்பா அதில் வந்த ரொட்டியை ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்.

மறுநாள் புகாக்கி ஏரியின் கரையோரமாக நெடுஞ்சாலை 80ல் போனோம். பனியாறுகள் பாறையை மாவாக அரைத்துக் கொண்டுவந்து கொட்டுவதால் அந்த ஏரிக்குப் பால் கலந்த நீல நிறம். சாலையின் முடிவில் 3,724 மீட்டர் உயரத்தில் அவுராக்கி மவுண்ட் குக், அந்நாட்டின் மிக உயர்ந்த சிகரம். அதன் கிராமத்தைத் தாண்டிச் சிறிது தூரத்தில், ஹூக்கர் பள்ளத்தாக்கின் வாசலில் வைட் ஹார்ஸ் ஹில் முகாம். மின்சாரம் இல்லை. மூன்று பக்கமும் மலை. இரவு முழுக்க எங்கோ மேலே பனி சரிந்து விழும் சத்தம் இடிபோலக் கேட்டது. அம்மா ஒவ்வொரு முறையும் "முருகா" என்றார்.

குளிர்காலம் தொடங்கியிருந்ததால் எட்டு மணிக்குத்தான் வெளிச்சம் வந்தது. ஜன்னல் கண்ணாடி வெளியே உறைந்து, உள்ளே ஆறு பேரின் மூச்சில் வியர்த்திருந்தது. அப்பா ஏற்கெனவே எழுந்து, ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அடுப்பருகில் நின்றார். முதலில் கூரை ஜன்னலைத் திறந்தார். பிறகு பக்கத்து ஜன்னலை இரண்டு விரல் அளவுக்குத் தள்ளினார். பிள்ளைகள் போர்வைக்குள்ளிருந்து "குளிருது தாத்தா" என்று கத்தினார்கள். "குளிரட்டும்" என்றார்.

இந்த இடத்தில் அவர் பக்கம்தான் நான். மூடிய வேனுக்குள் எரியும் அடுப்பு ஆக்சிஜனைத் தின்னும். சரியாக எரியாவிட்டால் மணமும் நிறமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு சேரும். குளிருக்கு அடுப்பை எரியவிட்டுத் தூங்குவதும், மழைக்காகக் கரி அடுப்பை வண்டிக்குள் எடுத்து வருவதும் உயிரையே பறிக்கும். ஜன்னல் திறந்திருந்தால் ரொட்டிக்கும் நல்லது. நீராவி வெளியேறும், மெத்தை நனையாது, கூரையில் உள்ள புகை எச்சரிக்கைக் கருவியும் ஊரைக் கூட்டாது. அந்தக் கருவி அலறுகிறதே என்று பேட்டரியைக் கழற்றி வைப்பவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். ஜன்னலைத் திறப்பதைவிட அது எந்த வகையில் சுலபம் என்று எனக்குப் புரியவில்லை.

சின்னத் தீயில் தகட்டை இரண்டு நிமிடம் வெறுமனே சூடாக்கினார். துளைகளைச் சுற்றி எவர்சில்வர் முதலில் வெளிர் மஞ்சளாகி, பிறகு ஊதாவும் நீலமுமாக மாறியது. "நிறம் வந்துடுச்சு, இனி ரொட்டி வைக்கலாம்" என்றார். வெல்டருக்குத் தெர்மாமீட்டர் தேவையில்லை. கிரைஸ்ட்சர்ச் பேரங்காடியில் வாங்கிய, தானியங்கள் அடங்கிய கனமான ரொட்டி. முதல் பக்கத்துக்கு இரண்டு நிமிடத்துக்கும் கொஞ்சம் கூடுதலாக ஆனது. திருப்பிப் போட்டால் அடுத்த பக்கத்துக்கு அவ்வளவு தேவையில்லை, அதற்குள் ரொட்டி முழுக்கச் சூடாகியிருக்கும். தட்டின் வட்டத்துக்கு வெளியே நீண்ட மூலைகள் வெளுத்துத்தான் இருந்தன. அதற்காக அரை நிமிடத்துக்கு ஒரு முறை ரொட்டியைக் கால் வட்டம் திருப்பினார். இரண்டிரண்டாக வாட்டி ஆறு பேருக்கும் கொடுக்க அரைமணி நேரம் ஆனது. அவசரக்காரர்களுக்கு இது ஒத்து வராது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அதன் மேல் நியூசிலாந்து வெண்ணெய். நம் வீடுகளில் மூன்று தலைமுறையாகப் பழகிய ஆங்கர் வெண்ணெய் 1886ல் அந்த நாட்டில் பிறந்த பெயர்தான். குளிரில் கல்லாக இருந்த வெண்ணெயைக் கத்தியால் சீவிப் போட்டால், சூடான ரொட்டியில் விழுந்ததும் உருகி உள்ளே இறங்கியது. பிள்ளைகளுக்குச் சீனி தூவினோம். பெரியவர்களுக்கு இட்லிப் பொடி. வாட்டிய ரொட்டியில் வெண்ணெயும் பொடியும் சேர்ந்தால் எப்படியிருக்கும் என்று தெரியாதவர்கள் வீட்டில் ஒரு முறை செய்து பாருங்கள். காயாவை யாரும் தேடவில்லை.

எல்லாம் முடிந்து தகடு ஆறிய பிறகு, பாத்திரம் கழுவ உட்கார்ந்த அம்மா அதைத் திருப்பினார். அடிப்பக்க விளிம்பில், புள்ளி புள்ளியாகப் பொறித்த எழுத்தில் எங்கள் வீட்டுப் புதுமனை புகுவிழாத் தேதி. 1993ல் அவருடைய அண்ணன் சீர் கொடுத்த தட்டுகளில் ஒன்று.

"இது எங்க அண்ணன் கொடுத்த தட்டில்ல?"

அப்பா வெளியே மலையைப் பார்த்தார்.

"ஏங்க, உங்களைத்தான். ஆறு தட்டுல அஞ்சுதான் இருக்குன்னு வீட்டுல நான் ஒரு வாரமா தேடினேன். தெரியாத மாதிரி நீங்களும் கூடச் சேர்ந்து தேடினீங்களே!"

அதன்பிறகு சிறிது நேரம் வேனுக்குள் குளிர் அதிகமாக இருந்தது.

எட்டாம் எண் கம்பி

இரண்டாம் நாள் காலை, பக்கத்தில் நின்ற சிறிய வேனிலிருந்து ஓர் இளம் தம்பதி வந்து கதவைத் தட்டினார்கள். சிங்கப்பூரில் வேலை செய்கிறவர்கள். அவர்கள் வண்டியில் இருந்தது நாம் ஸ்டீம்போட்டுக்கு வைக்கும் அதே அடுப்பு, நீளமான பியூட்டேன் டின் போடுவது. தீ முணுக்கென்று எரிந்து, ஒரு கோப்பி போடக்கூடத் தண்ணீர் கொதிக்கவில்லையாம். டின் காலியில்லை, குலுக்கினால் சத்தம் கேட்கிறது. பியூட்டேன் 0 டிகிரிக்கு அரை டிகிரி கீழே போனாலே ஆவியாக மறுத்துவிடும். நம் ஊரில் அந்தக் கவலையே இல்லை என்பதால் யாருக்கும் இது தெரிவதில்லை. எங்களுடையது போன்ற பெரிய வண்டிகளின் சிலிண்டரில் உள்ள புரோப்பேனோ −42 டிகிரி வரை தாங்கும். குளிர்காலத்தில் போகிறவர்கள் வண்டியைப் பதிவு செய்யும்போதே அடுப்பு எந்த வகை என்று கேட்டுக்கொள்வது நல்லது. டின்னைச் சூடாக்கினால் சரியாகுமா என்று அந்தத் தம்பி கேட்டபோது அப்பா பதறிவிட்டார். "அது குண்டு தம்பி! சட்டைக்குள்ள வைச்சு உடம்புச் சூட்டுல வைங்க. தீகிட்ட கொண்டு போகவே கூடாது." அவர்களுக்கும் நான்கு துண்டு வாட்டிக் கொடுத்தார்.

இதையெல்லாம் அந்தப் பக்கம் ஒரு பழைய வேனின் படிக்கட்டில் உட்கார்ந்து ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஆடு மேய்க்கும் பண்ணையில் வேலை செய்து ஓய்வு பெற்றவராம். எழுந்து வந்து, தட்டைக் கையில் வாங்கி, ஒவ்வொரு துளையாகப் பார்த்தார். பிறகு தன் வண்டிக்குப் போய் ஒரு நீண்ட முள்கரண்டி கொண்டு வந்தார். தடித்த வேலிக்கம்பியை வளைத்துத் தானே செய்தது. விறகுத் தீயில் ரொட்டி காட்டுவதற்கு.

நியூசிலாந்தில் பண்ணை வேலிகளுக்குப் பயன்பட்ட ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள அந்தக் கம்பிக்கு எட்டாம் எண் கம்பி என்று பெயர். எதுவும் எளிதில் வந்து சேராத தூரத்து நாட்டில், பண்ணைக்காரர்கள் கதவுக் கொக்கியிலிருந்து இயந்திரப் பழுது வரைக்கும் அந்தக் கம்பியை வைத்தே சமாளித்தார்கள். இன்று, கையில் இருப்பதை வைத்து வேலையை முடிக்கும் சாமர்த்தியத்துக்கே அங்கே அதுதான் பெயர். அந்தப் பெரியவர் அப்பாவைக் காட்டி என்னிடம் சொன்னது அதுதான்: உன் அப்பா ஓர் எட்டாம் எண் கம்பிக்காரர்.

நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். அப்பா அதைக் கண்டுகொள்ளவில்லை. முள்கரண்டியை நகத்தால் சுரண்டிப் பார்த்து, "துத்தநாகம் பூசியதா என்று கேள்" என்றார். ஆமாம், ஆனால் இருபது வருடத்துக்கு முன்பே வெட்டவெளி நெருப்பில் போட்டு எரித்தாகிவிட்டது என்று பதில் வந்தது. அப்பாவுக்குத் திருப்தியில்லை. பூச்சு முழுக்கப் போயிருக்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? இரண்டு பேரும் பனி மூடிய புல்வெளியில் நின்று அதைப் பற்றி வாதாடினார்கள். அப்பாவின் ஆங்கிலம் பாதி, கை பாதி. என்னை மொழிபெயர்க்கக் கூப்பிடுவதையும் சீக்கிரமே விட்டுவிட்டார்கள். மகன் கழுத்தில் கேமரா மாட்டிக்கொண்டு மலைக்கிளி தேடிக்கொண்டிருந்தான். கெயா என்னும் அந்தப் பச்சைக்கிளிகள் மகா குறும்பு. வண்டியின் ரப்பரையே பிய்த்துத் தின்னும், ரொட்டியை விடுமா? அதற்கு உணவு போடக்கூடாது என்பது அங்குள்ள கண்டிப்பான விதி. அதனால் ரொட்டியை வண்டிக்குள்ளேயே வைத்துச் சாப்பிட்டோம்.

கிளம்பும் நேரத்தில் பெரியவர் ஒரு காகிதமும் பென்சிலும் கொண்டு வந்தார். அப்பா அடுப்பு மேடையில் குனிந்து, பட்டறைக் காலத்துச் சுத்தமான கோடுகளில் படம் வரைந்தார். தட்டின் விட்டம், துளை 3 மில்லிமீட்டர், துளைக்கும் துளைக்கும் 12, தாங்கி உயரம் 15. கீழே பெரிய எழுத்தில் "எவர்சில்வர் மட்டும்" என்பதை ஆங்கிலத்தில் எழுதி இரண்டு கோடு போட்டார். ஓய்வு பெற்ற பிறகு அவர் அளவு போட்டு வரைந்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை.

லிண்டிஸ் கணவாயின் 971 மீட்டர் உச்சியைத் தாண்டி வனாக்கா ஏரிக்கு இறங்கும் வழியெல்லாம் அப்பா மும்முரமாகப் பேசிக்கொண்டு வந்தார். வட்டத் தட்டு சரியில்லையாம். மூலைகள் வெளுக்கின்றன. சதுரமாக, நான்கு துண்டு ஒரே நேரத்தில் படுக்கிற மாதிரி ஒன்று செய்ய வேண்டும். நடுவில் துளையைக் குறைத்து ஓரத்தில் கூட்டினால் சூடு பரவும். கேமரன் மலைக்குப் போகும்போது வைத்துக்கொள்ளலாம். மகள் தன் பள்ளிக் குறிப்பேட்டில் அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருந்தாள்.

"தகட்டுக்கு எங்கே போவீங்க?" என்று கேட்டேன்.

அவர் பதில் சொல்வதற்குள் பின்னிருக்கையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"இன்னும் அஞ்சு தட்டு இருக்கு. இந்தத் தடவை கேட்டுட்டு எடுங்க."